உணவக மேலாண்மை படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளை ஒட்டி வந்த கடிதங்களில், சமுதாயக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் உணவகம் மற்றும் கேட்டரிங் மேலாண்மைப் படிப்பைப் பற்றியவை இம்முறை அதிகம். உணவக நிர்வாகத்திலும் கேட்டரிங் பயிற்சியிலும் நெடுங்காலம் பணியாற்றியவர் அவற்றுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண்களே பெற்றிருக்கிறான். ஹோட்டல் தொழில்தான் படிப்பேன் என்கிறான். தனியார் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குக் கேட்கும் கட்டணம் எங்களால் இயலாதது. பக்கத்து ஊரில் உள்ள சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறதாம். உறவினர்களோ, "சமையல் வேலைக்கு ஒரு படிப்பா?" என்கிறார்கள். அங்கே சேர்க்கலாமா? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் அந்தக் கல்லூரியின் சமையற்கூடத்தை நீங்கள் நேரில் பார்த்தாக வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்பது நம் பகுதிக்குப் புதியதன்று. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டில் சென்னை மயிலை மறைமாவட்டமும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களும், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களும், கட்டணம் கட்ட இயலாதவர்களும் தங்கள் ஊரிலேயே கிடைக்கக்கூடிய வேலைக்கு உரிய தொழிலைக் குறுகிய காலத்தில் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னர் 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து, ஏற்கெனவே இயங்கிவரும் கல்லூரிகளிலும் இத்தகைய படிப்புகளை நடத்த வழி செய்தது. அத்திட்டத்தின்படி ஆறு மாதப் படிப்புக்குச் சான்றிதழும், ஓராண்டுக்கு டிப்ளமோவும், ஈராண்டுக்கு அட்வான்ஸ்டு டிப்ளமோவும் வழங்கப்படுகின்றன. பாடத்தில் 60 விழுக்காடு தொழில் திறனுக்கும், 40 விழுக்காடு மொழி, கணினி, கணக்கு முதலிய பொதுக் கல்விக்கும் உரியவை. அத்திட்டம் வகுத்தபடி ஓராண்டு டிப்ளமோவுக்கு 60 கிரெடிட் (படித்த அளவைக் கணக்கிடும் அலகு). மேலும் படித்து 180 கிரெடிட்டை எட்டினால் பி.வொக். என்னும் பட்டத்தையே பெறலாம். ஆகவே, ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தால் பட்டத்துக்கான கதவு அடைபட்டுவிடும் என்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை. அடுத்த கட்டத்தை அதே கல்லூரி நடத்துகிறதா, இல்லையெனில் வேறு எந்தக் கல்லூரி இந்த கிரெடிட்டை ஏற்கும் என்பதை மட்டும் சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள்.

மூன்றாண்டுப் பட்டம்தான் வேண்டுமென்றால் தனியார் கல்லூரியைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் உணவக மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. திருச்சியை அடுத்த துவாக்குடியில் மாநில நிறுவனம் இருக்கிறது. தரமணியின் பட்டப்படிப்புக்குத் தேசிய அளவில் நடக்கும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்து மாணவர்களைத் தாட்கோ நிறுவனம் தரமணியில் தன் செலவில் படிக்க வைத்துவருகிறது என்பது, தகுதியுடைய பல பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை. நட்சத்திர விடுதிகளில் மேலாளர் பயிற்சி பெறுபவராக நுழைய விரும்புபவருக்குப் பட்டம் தேவை. விரைவில் வேலைக்குப் போக வேண்டும், சில ஆண்டுகளில் சொந்தமாக ஒரு மெஸ்ஸோ கேட்டரிங்கோ நடத்த வேண்டும் என்று நினைப்பவருக்குச் சமுதாயக் கல்லூரியின் டிப்ளமோ போதும் என்பதே என் கருத்து. உங்கள் மகன் இவற்றுள் எதை விரும்புகிறான் என்பதை அவனிடமே கேளுங்கள்.

இனி சமையற்கூடத்தைப் பற்றி. முன்கூட்டிச் சொல்லாமல், வகுப்பு நடக்கும் ஒரு நாளில் முற்பகல் பதினொரு மணியளவில் போங்கள். மாணவர் கையில் கத்தி இருக்கிறதா, குறிப்பேடு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை அடுப்புகள், ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர், குளிர்பதனப் பெட்டி உண்மையில் ஓடுகிறதா, அதனுள்ளே பொருள் இருக்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். ஆசிரியர் செய்துகாட்ட, நாற்பது பேர் சுற்றி நின்று பார்த்து எழுதிக்கொள்ளும் இடத்தில் யாரும் இத்தொழிலைக் கற்க முடியாது. பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சான்றிதழில் கையெழுத்திடப் போவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அமைப்பு? தொழிற்பயிற்சிக்கு எந்த உணவகத்துக்கு, எத்தனை வாரங்களுக்கு அனுப்புகிறீர்கள்? சென்ற ஆண்டு முடித்தவர்களில் இருவரிடம் நாங்கள் பேசலாமா? இம்மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் கல்லூரி நல்ல கல்லூரி. முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையாகச் செலுத்தாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியிருக்கிறது.

உறவினர்களின் கேள்விக்கும் ஒரு சொல். நல்ல கைப்பக்குவம் உடையவர்கள் திறந்த உணவகங்கள் ஓராண்டுக்குள் மூடப்பட்டதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அங்கே உணவில் குறை இருக்கவில்லை. சரக்கு வாங்குவதிலும், அளவிலும், ஆட்களை நடத்துவதிலும், கல்லாக் கணக்கிலும் குறை இருந்தது. இந்தப் படிப்பு கற்பிக்க வேண்டியது அவற்றைத்தான்.

கேள்வி: சமுதாயக் கல்லூரியில் உணவக மேலாண்மை டிப்ளமோ சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. காய் நறுக்குவதும், எடை போடுவதும், பாத்திரம் துலக்குவதுமாகவே நாள் போகிறது. இன்னொரு பக்கம் அடக்கவிலைக் கணக்கு என்று ஒரு பாடம். எனக்குக் கணக்கு வராது. மேலாளர் ஆக விரும்புகிறவனுக்கு இவை எதற்கு? (வாசகர், காரைக்குடி)

பதில்: நீங்கள் இரண்டாகப் பார்ப்பவை ஒரே பாடம். அதை ஒரு மீனை வைத்து விளக்குகிறேன். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஐந்து கிலோ எடையுள்ள ஒரு முழு வஞ்சிரத்தைக் கிலோ 800 ரூபாய் வீதம் 4,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். தலை, வால், குடல், செதில் எல்லாம் போக மூன்றரை கிலோ துண்டுகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு 140 கிராம் என்றால் 25 துண்டுகள் வரும். கணக்கு அறியாதவர், 140 கிராமைக் கிலோ 800 ரூபாயால் பெருக்கி, ஒரு துண்டு 112 ரூபாய் என்று எழுதுவார். ஆனால் நீங்கள் கொடுத்த 4,000 ரூபாயை 25-ஆல் வகுத்தால் துண்டு 160 ரூபாய். ஒரு துண்டுக்கு 48 ரூபாய், ஒரு மீனுக்கு 1,200 ரூபாய் கணக்கில் வராமல் போகிறது. தலையைக் குழம்புக்குப் பயன்படுத்தினால் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்ளலாம். குப்பைக்குப் போனால் முழுச் சுமையும் வறுவலின் மீதுதான் விழும்.

இப்போது கத்திக்கு வருவோம். வெட்டுபவர் கை பழகாமல் துண்டை 160 கிராமாக வெட்டினால், அதே மீனில் 21 துண்டுகளே தேறும். துண்டின் அடக்கவிலை 190 ரூபாயைத் தாண்டும். உணவுப் பட்டியலில் அச்சிட்ட விலையோ மாறாமல் நிற்கும். மசாலாவும் எண்ணெயும் சேர்த்து 175 ரூபாய் அடக்கமாகும் ஒரு வறுவலை, மூலப்பொருள் செலவு விற்பனை விலையில் 35 விழுக்காடாக இருக்க வேண்டும் என்னும் கணக்கில் 500 ரூபாய்க்கு விற்கலாம். எஞ்சும் 325 ரூபாயில்தான் வாடகை, சம்பளம், எரிவாயு, மின்கட்டணம், பழுது, வட்டி ஆகிய அனைத்தையும் கொடுத்து, அதற்கு மேல் மிஞ்சுவதை இலாபம் என்று எடுக்க வேண்டும். துண்டுக்கு முப்பது ரூபாய் கசிந்தாலே அந்த இலாபத்தின் பெரும்பகுதி போய்விடக்கூடும். எடை போட்டுக் காய் நறுக்கச் சொல்வதும், தோலையும் காம்பையும் தனியே நிறுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். நாளை நீங்கள் மேலாளராகி, "இன்று வெங்காயக் கழிவு ஏன் இவ்வளவு?" என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு அடுக்களையில் மதிப்பு இருக்க வேண்டுமானால் நீங்களே வெங்காயம் உரித்தவராக இருக்க வேண்டும். சரக்கு மாஸ்டரும் பரோட்டா மாஸ்டரும் அனுபவத்தால் பேசுபவர்கள். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வருபவரை அவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள்.

கணக்கு வராது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே தேவைப்படுவது பெருக்கலும் வகுத்தலும் விழுக்காடும் மட்டுமே. தினமும் மாலையில் அன்று செய்த ஓர் உணவை எடுத்துக்கொண்டு, வாங்கிய எடை, கழிவு, சமைத்த பின் எடை, எத்தனை பேருக்குப் பரிமாறியது என்னும் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, ஒருவருக்கான அடக்கவிலையைக் கண்டுபிடியுங்கள். கடைசி மாதத்தில் வரும் தொழிற்பயிற்சியின்போது அந்த நோட்டு உங்களுக்குக் கைகொடுக்கும்.

பாத்திரம் துலக்குவதை இழிவாக நினைக்காதீர்கள். எந்தப் பாத்திரத்தில் எது அடிபிடித்தது, எந்த இலையில் எது மிஞ்சி வருகிறது என்பதை முதலில் அறிபவர் துலக்குமிடத்தில் நிற்பவர்தான். கூட்டு மட்டும் தினமும் மிஞ்சி வந்தால் அளவு அதிகம் அல்லது சுவையில் குறை. இரண்டுமே மேலாளருக்குத் தெரிந்தாக வேண்டிய செய்திகள்.

கேள்வி: எனக்கு வயது 38. மகளிர் குழுவில் இருக்கிறேன். வளைகாப்பு, காதுகுத்து போன்ற விசேஷங்களுக்கு ஐம்பது, அறுபது பேருக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஆனால் இருநூறு பேருக்குக் கேட்டால் பயமாக இருக்கிறது. இந்த வயதில் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா? எனக்குத் தெரியாத எதை அங்கே கற்றுத் தரப் போகிறார்கள்? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: சேர்த்துக்கொள்வார்கள், சகோதரி. வயதைத் தடையாகக் கொள்ளாமல் கற்பிப்பதற்காகவே உருவானவை சமுதாயக் கல்லூரிகள். உங்களுக்கு முழுநேர டிப்ளமோவைவிட ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பே பொருத்தம். மாலையிலோ வார இறுதியிலோ வகுப்பு உண்டா என்று கேளுங்கள். உங்கள் கைப்பக்குவத்தை யாரும் மாற்றப் போவதில்லை. உங்களுக்குத் தேவையானவை அளவும் பாதுகாப்பும்.

பத்துப் பேருக்கான சாம்பாரை இருபதால் பெருக்கினால் இருநூறு பேருக்கான சாம்பார் வந்துவிடாது. தண்ணீர் வற்றுவது பாத்திரத்தின் வாயகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது என்பதால், பெரிய அண்டாவில் அதே விகிதத்தில் நீர் ஊற்றினால் குழம்பு நீர்த்துப்போகும். மிளகாயும் உப்பும் புளியும் முழு விகிதத்தில் ஏறுவதில்லை; முதலில் குறைத்துப் போட்டு, கடைசியில் சுவை பார்த்துச் சேர்க்க வேண்டும். இந்த அறிவு நம் ஊர்ச் சமையல் கான்ட்ராக்டர்களுக்குக் கைப்பழக்கமாக இருக்கிறது. கல்லூரியில் அதை எடையாகவும் நிமிடமாகவும் எழுதி வைக்கப் பழக்குவார்கள். எழுதி வைத்த அளவு இருந்தால், நீங்கள் பந்தியைக் கவனிக்கப் போயிருக்கும்போதும் உங்கள் குழுவில் வேறொருவர் அதே சுவையில் செய்ய முடியும். இருநூறு பேர் என்னும் பயம் போவதற்கு அதுதான் வழி.

பாதுகாப்பைப் பற்றி நான் சற்று அழுத்தியே சொல்வேன். ஒரு வீட்டு விசேஷத்தில் பரிமாறிய உணவால் நூறு பேர் மருத்துவமனைக்குப் போனால், அந்தக் குடும்பமும் சமைத்தவரும் அதிலிருந்து மீள்வது எளிதன்று. வேகவைத்த சோற்றிலும் உயிரோடு தங்கிவிடும் நுண்ணுயிர் வித்துகள் உண்டு. பாசில்லஸ் சீரியஸ் என்பது அவற்றுள் ஒன்று. சோறு அண்டாவிலேயே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சை மீண்டும் சூடாக்கியும் அழிக்க முடியாது. ஆகவேதான் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் உணவை விட்டுவைக்கக் கூடாது என்று கற்பிக்கிறார்கள். பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருங்கள். எடுத்து வைக்க வேண்டுமென்றால் ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவாருங்கள். இருநூறு பேருக்கான அண்டா தானாக ஆறுவதற்கு இரவு முழுவதும் ஆகும். ஐம்பது பேருக்குச் சமைக்கும்போது இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரிந்திருக்காது. உணவின் நடுவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். அது விலை அதிகமான கருவியன்று. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கும் 2018 ஜூலை முதல் சட்டத்தில் வரம்பு இருக்கிறது: எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உண்டாகும் சிதைவுப் பொருள்களான முனைவுச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டில் சமைத்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும். விற்பனை பெருகினால் பதிவுக்குப் பதிலாக உரிமம் பெற வேண்டும். விண்ணப்பத்தை இணையவழியிலேயே செய்யலாம். தொழிலுக்கு வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையை முதல் நாளிலிருந்தே உங்கள் அடக்கவிலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடனைப் பொறுத்தவரை, மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டத்தையும், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தையும் பற்றிக் கேளுங்கள். இரண்டிலும் மானியம் உண்டு. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான 35 விழுக்காடு மானியத் திட்டம் ஊறுகாய், பொடி, அப்பளம் போன்றவற்றுக்கு உரியது. அது கேட்டரிங்குக்கும் கிடைக்கும் என்று சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக ஹோட்டலில் மாஸ்டராக இருக்கிறேன். எட்டாம் வகுப்புதான் படித்தேன். சான்றிதழ் இல்லாததால் பெரிய இடங்களில் நேர்காணலுக்கே அழைப்பதில்லை. மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா? (வாசகர், தேனி)

பதில்: வேண்டாம். ஏற்கெனவே கைவசம் உள்ள திறனைச் சோதித்துச் சான்று அளிக்கும் ஏற்பாடு ஒன்று மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கான திறன் கவுன்சில் இதற்கான மதிப்பீட்டைச் செய்கிறது. குறுகிய அறிமுகப் பயிற்சிக்குப் பின் செய்முறைத் தேர்வு நடக்கும். உங்கள் பகுதியில் இதை நடத்தும் மையத்தை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள். அத்தோடு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் (FoSTaC) என்னும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் எதிர்பார்ப்பு. பெரிய சமையற்கூடங்கள் அத்தகையவரைத் தேடுகின்றன.

கேள்வி: டிப்ளமோ முடித்தவுடன் சொகுசுக் கப்பலிலோ துபாயிலோ வேலை வாங்கித் தருவதாக ஒருவர் இரண்டு இலட்சம் கேட்கிறார். நம்பலாமா? (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: கொடுக்காதீர்கள். வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; அவர் தொழிலாளியிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். கப்பலுக்கு ஆள் எடுப்பவர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கப்பல் வேலைக்கு எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும், பெரிய உணவகத்தில் சில ஆண்டு அனுபவமும், தடையின்றிப் பேசும் ஆங்கிலமும் வேண்டும். ஓராண்டு டிப்ளமோவோடு நேரே கப்பல் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முதலில் இங்கே இரண்டு ஆண்டுகள் வேலை பாருங்கள்.

கேள்வி: நான் கேட்டரிங் படிக்கிறேன். அடுத்த பருவத்தில் எட்டு வாரத் தொழிற்பயிற்சி. இரவுப் பணி இருக்கும் என்பதால் அப்பா அனுப்ப மறுக்கிறார். பயிற்சிக்குப் போகாமலே சான்றிதழ் வாங்க முடியுமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: அப்படி வாங்கிக் கொடுக்கக்கூடிய கல்லூரிகள் இருக்கலாம், ஆனால் அந்தச் சான்றிதழால் உங்களுக்குப் பயன் இராது. வாடிக்கையாளர் கேட்ட உணவை எழுதிய கே.ஓ.டி. சீட்டு அடுக்களைக்குப் போய் உணவாகத் திரும்புவதற்குள் என்னென்ன நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா மேசையும் நிரம்பியிருக்கும்போது கோபத்தோடு நிற்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பவற்றை வகுப்பறையில் யாரும் கற்றுத் தர இயலாது. உங்கள் தந்தையின் கவலையில் நியாயம் இருக்கிறது. அதற்கு உரிய பதிலைக் கல்லூரிதான் தர வேண்டும்.

தந்தையை அழைத்துக்கொண்டு துறைத் தலைவரைப் பாருங்கள். பகல் பணி மட்டும் உள்ள இடம் கேளுங்கள்; மருத்துவமனைகளின் உணவுப் பிரிவு, தொழிற்சாலை கேன்டீன், அடுமனை, கல்லூரி விடுதியின் சமையற்கூடம் ஆகியவற்றிலும் நல்ல பயிற்சி கிடைக்கும். மொத்தமாகச் சமைப்பதில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால், நட்சத்திர விடுதியைவிட இவை சிறந்தவை என்றே சொல்வேன். உடன் படிக்கும் மாணவி ஒருவரையாவது அதே இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் எந்த இடத்திலும், பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பயிற்சி பெறுபவரும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவரே. அக்குழுவின் தலைவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்று கல்லூரியின் மூலம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதைத் தர மறுக்கும் உணவகத்துக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. வேறிடம் ஒதுக்கும்படி அதே நாளில் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள்.